நடுப்புள்ளிக்கு வலப்பக்கம்

பெட்டியைப் பிரிக்கக் கத்தி கேட்டாள் சம்யுக்தா. உள்ளே இருப்பது மானிட்டரா தர்ப்பூசணியா, கத்தரிக்கோல் போதும் என்று சமையலறையிலிருந்தே மகளுக்குக் குரல் கொடுத்த பிரமிளா, கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். கொண்டுபோய்க் கொடுத்தால் பெட்டி பிரியும். பிரிந்தால் மேஜைமேல் ஏறும். ஏறினால் ஒயர் மாட்டுவாள், ஸ்விட்சைப் போடுவாள், அம்மா நீங்கதான் முதல்ல என்று நாற்காலியை இழுத்துப் போடுவாள், சின்ன வயதில் பிறந்தநாள் கேக்கை வெட்டி முதல் துண்டை நீட்டிய அதே மூஞ்சியோடு. உட்கார்ந்தால் தெரிந்துவிடும். தன் கண் போய்க்கொண்டிருக்கிறதா இல்லையா என்பது இந்தச் சனிக்கிழமை மத்தியானம், ரசம் பாத்திரம் இன்னும் கழுவாமல் கிடக்கும்போதே, தெரிந்துவிடும். அதற்குள் பால் காய்ச்சலாமா என்று நினைத்தாள். காய்ச்சின பால் அடுப்பிலேயே ஆறிக்கொண்டிருந்தது. துணி எடுக்கலாமா. மாடியில் போட்ட துணி இந்நேரத்துக்குக் காய்ந்திருக்காது, அதுவுமில்லாமல் எதிர் ஃப்ளாட் சுலோச்சனா மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டு ஆள் கிடைக்காதா என்று உட்கார்ந்திருப்பாள், அகப்பட்டால் மருமகள் புராணம். கத்தரிக்கோலைத் திறந்தாள், மூடினாள். திறந்தாள். கண்ணுக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். இரண்டு அலகும் தெரிந்தன, நடுவில் திருகாணியும் தெரிந்தது. வெளிச்சத்தில் தெரியத்தான் செய்யும். பெரியம்மாவுக்கும் முதலில் வெளிச்சத்தில் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

பொள்ளாச்சிப் பெரியம்மாவை எல்லாரும் திமிர் பிடித்தவள் என்றார்கள். முகத்துக்கு நேரே பார்த்துப் பேசமாட்டாள். உன் காதைப் பார்த்து, எப்ப கண்ணு வந்தே என்பாள். பந்தியில் பக்கத்து இலைக்காரனின் தோளைப் பார்த்துக்கொண்டே தன் இலையில் சாதம் பிசைவாள். கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்களில் பிரமிளாவும் ஒருத்தி, கான்வென்ட்டில் படித்துக்கொண்டிருந்த வாய் சும்மா இருக்குமா, பெரியம்மா மாதிரியே காதைப் பார்த்துப் பேசிக்காட்டிச் சித்தி பெண்களைச் சிரிக்கவைத்தாள். அப்புறம்தான் தெரிந்தது, பெரியம்மாவுக்கு நடுப்பார்வை போய்விட்டது, ஓரத்தில் மட்டும்தான் தெரிகிறது, உன் மூக்கு தெரியவேண்டுமானால் அவள் உன் காதைத்தான் பார்க்கவேண்டும். எங்கே திரும்பினாலும் அது கூடவே வருது கண்ணு, பார்க்கிற எடத்துலயே வந்து ஒக்காந்துக்குது என்றாள். மொதல்ல சாயங்காலத்துல, வெளக்கு வெக்கறதுக்கு முன்னாடி, மங்கலாட்ட ஒரு திட்டு, வேற ஒண்ணுமில்லை என்றாள். டாக்டர் அது குடும்பத்தில் வரும் என்றாராம். குடும்பத்தில் எது வரவில்லை. பெரியம்மாவின் மூக்கு பிரமிளாவுக்கு வந்தது, பெரியம்மாவின் பித்தவெடிப்பு வந்தது, ஒட்டியாணம் மட்டும் வேறு பக்கம் போய்விட்டது.

அம்மா, கத்தரிக்கோல் என்னாச்சுங்க என்று சம்யு மறுபடி கேட்டாள். தேடிட்டு இருக்கேன் என்றாள் பிரமிளா, கையில் அதைப் பிடித்துக்கொண்டே. இந்த மானிட்டர் வேண்டாம் என்று அவள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. பழசுக்கு என்ன கேடு, எரியுதா இல்லையா, நல்லா இருக்கிற பொருளைத் தூக்கிப் போடுகிற புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது, எங்க வீட்டில் இல்லை, உங்கப்பா வீட்டிலும் இல்லை என்றெல்லாம் ஒரு மாதம் கச்சேரி நடந்தது. எந்தச் சண்டையிலும் இரண்டு பக்கமும் தலையாட்டுகிற அவள் கணவர் தண்டபாணிகூட, அவ சம்பாரிச்சு அவ வாங்கறா, உனக்கென்ன பிரமி என்று ஒரு நாள் கேட்டுவிட்டு, அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டு, இப்போது உள்ளறையில் பேப்பரை முகத்தில் போட்டுத் தூங்குகிறார். சம்யு அம்மாவைக் கஞ்சம் என்று நினைத்தாள். நினைக்கட்டும். கஞ்சத்தனம் வெளியே சொல்லக்கூடிய காரணம். பழசு ஏன் ஆகாது என்று கேட்டதற்கு, கறுப்பு சரியாத் தெரியறதில்லீங்கம்மா என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள் சம்யு, கறுப்பில் என்னடி சரி தப்பு என்று அதற்கும் ஒரு பாட்டு. உள்ளுக்குள்ளே பிரமிளாவுக்குத் தெரிந்த கணக்கு வேறு. பழைய மானிட்டர் இருக்கிறவரைக்கும் தப்பு அதன்மேலும் இருக்கலாம், தன் கண்மேலும் இருக்கலாம், இரண்டு பேரும் கூண்டில் நிற்கிறார்கள். ஒருத்தரை அனுப்பிவிட்டால் மிச்சம் இருப்பது யார்.

இதெல்லாம் கம்ப்யூட்டரில் விளையாடப் போய் வந்த வினை. விளையாட்டு என்று வெளியில் சொன்னால் இந்த அபார்ட்மென்ட்டில் ஒருத்தி நம்பமாட்டாள். மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு பிரமிளாக்கா சீரியல் பார்க்கிறாள் என்று நினைக்கிறார்கள், அவளும் அப்படியே விட்டுவிட்டாள், சீரியல் பார்க்கிறவள் என்று பேர் வாங்குவது அவமானம்தான், ஆனால் வில்லும் அம்புமாகச் சுரங்கத்துக்குள் மிருகம் வேட்டையாடுகிறவள் என்பதற்கு அது எவ்வளவோ தேவலை. ராத்திரி பகல் இதே வேலையா என்று மகளைத் திட்டப்போன இடத்தில், அப்படின்னா நீங்களே வெளையாடிப் பாருங்க, அப்பறம் திட்டுங்க என்று சம்யு ஹெட்ஃபோனைக் கழற்றி அவள் தலையில் மாட்டியதில் ஆரம்பித்தது. முதல் நாள் ஆற்றில் விழுந்து செத்தாள். மறுநாள் அதே ஆறு. பள்ளிக்கூடத்தில் த்ரோபால் கேப்டனாக இருந்தவளுக்கு அது பொறுக்கவில்லை. சம்யு ஆபீஸ் போகிற நாட்களில், அவளைத் தவிர யாருக்கும் தெரியாமல், உட்கார்ந்து ஆற்றைத் தாண்டினாள், மலை ஏறினாள், மலைக்கு அந்தப் பக்கம் பாழடைந்த செம்புச் சுரங்கம் ஒன்றைக் கண்டுபிடித்தாள், சம்யுவே போகாத சுரங்கம். உள்ளே கும்மிருட்டு. இருட்டுக்குள் எங்கேயோ மூச்சு விடுகிற சத்தம். திரைக்கு நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதுதான் குறி. கண்ணைப் புள்ளியிலிருந்து எடுக்காதீங்க, எடுத்தா அம்பு தப்பும் என்று சம்யு சொல்லிக்கொடுத்திருந்தாள். எடுக்கவில்லை. கார்த்திகை மாசம், வெளியே மழை, இவள் உள்ளே புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டு நடக்கிறாள், அப்போதுதான் பார்த்தாள். புள்ளிக்கு வலப்பக்கம், கொஞ்சம் கீழே, சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. புகை மாதிரி. சுரங்கத்துப் புகை என்றுதான் முதலில் நினைத்தாள். இடப்பக்கம் திரும்பினாள். திட்டும் திரும்பியது. கூரையைப் பார்த்தாள். அதுவும் கூரைக்கு வந்தது. திரும்பி வாசலைப் பார்த்தால் வாசலில். பார்க்கிற எடத்துலயே வந்து ஒக்காந்துக்குது. மூக்குக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள், சோப்புப் போட்டுக் கழுவினாள், பழைய கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினாள், திரையைத் துணியால் துடைத்தாள். திட்டு அங்கேயே இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போய் வெண்டைக்காய் நறுக்கினாள். ஒவ்வொரு வெண்டைக்காயையும் பார்த்துப் பார்த்து நறுக்கினாள், இருக்கிறதா இல்லையா, வலப்பக்கம், கொஞ்சம் கீழே, இருக்கிற மாதிரிதான் இருந்தது.

தேடினால் எங்கேயும் இருந்தது. தோசை மாவில், பாத்ரூம் சுவரில், சுலோச்சனாவின் கன்னத்தில். தேடாவிட்டால் இல்லை, ஆனால் தேடாமல் இருக்க யாரால் முடியும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணால் பார்த்தால் தெரிந்துவிடும் என்று எங்கேயோ படித்திருந்தாள், படித்ததிலிருந்து ஒரு கண்ணை மூடவே பயம், கண்ணில் தூசி விழுந்தால்கூட இரண்டையும் சேர்த்து மூடினாள். கண் ஆஸ்பத்திரி அவிநாசி ரோட்டில்தான் இருக்கிறது, பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமல் எதிர்ப் பக்கம் பார்த்தாள். போனால் சொட்டு மருந்து விடுவான், மோவாயை ஒரு தட்டில் வைக்கச் சொல்லுவான், உங்க குடும்பத்தில் யாருக்காவது என்று ஆரம்பிப்பான். போகாதவரைக்கும் ஒன்றுமில்லை. இந்தப் புத்தியை மட்டும் வேறு யாராவது காட்டியிருந்தால் பிரமிளா கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். தண்டபாணி தன் சர்க்கரையை டெஸ்ட் பண்ணப் பயந்தபோது நடுவீட்டில் நிற்கவைத்து, நீங்க டெஸ்ட் பண்ணலைன்னா சர்க்கரை சர்க்கரையா இருக்காம உப்பாயிடுமா என்று கேட்டவள்தான் அவள். ஆனால் இது கண். கண் போனால் இந்த வாய் மட்டும் மிஞ்சும், வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது, எதைக் குறை சொல்வது. தரையில் தூசி இருக்கிறதா என்று தெரியாமல் வேலைக்காரியை எப்படித் திட்டுவது. மத்தியானங்களில் யாரும் பார்க்காதபோது கண்ணை மூடிக்கொண்டு சமைத்துப் பார்த்தாள். கடுகு வெடிப்பது காதுக்குத் தெரிந்தது, வெங்காயம் வதங்கியது மூக்குக்குத் தெரிந்தது, அரிசியில் கல் இருக்கிறதா என்று விரலுக்குத் தெரிந்தது. சாம்பார் பரவாயில்லை. சம்யு சாப்பிட்டுவிட்டு, இன்னைக்கு நல்லா இருக்குதுங்கம்மா, என்ன போட்டீங்க என்று கேட்டாள். அதற்குக் கோபம் வந்தது, ஏன் மத்த நாளெல்லாம் நல்லா இல்லையா. கோபம் வந்தபோதே மகளின் முகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டாள். இடப் புருவத்தில் அந்தச் சின்ன வெட்டு, நாலாம் வகுப்பில் ஊஞ்சலிலிருந்து விழுந்தது. சிரிக்கும்போது மேலே ஏறுகிற ஒரு பக்க உதடு, தண்டபாணியுடையது. பரீட்சைக்கு முந்தின நாள் மாதிரி மகளைப் படித்தாள். என்னங்கம்மா அப்படிப் பாக்கறீங்க என்றதற்கு, முடிய ஏன் புள்ள இப்படி விரிச்சு விட்டுட்டு இருக்கே என்று சொல்லித் தப்பித்தாள்.

சம்யு கத்தரிக்கோலுக்குக் காத்திருக்காமல் பல்லாலோ சாவியாலோ டேப்பைக் கிழித்துவிட்டாள் போலிருக்கிறது, தெர்மகோல் கிறீச்சிடும் சத்தம் கேட்டது, பல் கூசியது. இனி நின்று பிரயோஜனமில்லை. போனாள். கூடம் முழுக்க அட்டையும் பிளாஸ்டிக்கும். இதையெல்லாம் யார் பெருக்குவது என்று ஒரு வார்த்தை சொன்னாள், பழக்கத்தில் வந்த வார்த்தை, காரம் இல்லை. புது மானிட்டர் அநியாயத்துக்கு மெலிசாக இருந்தது, சோறு போடாமல் வளர்த்த பிள்ளை மாதிரி. சம்யு அதைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள், சந்தோஷம் வந்தால் அவளுக்குப் பேச்சு நிற்காது. பழையதில் திரைக்குப் பின்னால் எப்போதும் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்குமாம், கறுப்பு காட்டவேண்டிய இடத்திலும் அந்த வெளிச்சம் கசியுமாம், அதனால்தான் இருட்டெல்லாம் வெளுத்த சாம்பலாக இருந்ததாம். இதில் அப்படியில்லை, ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக எரியும், கறுப்பு வேண்டுமென்றால் அந்தப் புள்ளி அணைந்தே போய்விடும், முழுசா, ஒண்ணுமே இருக்காதுங்கம்மா என்றாள். அணைந்தே போய்விடும் என்ற சொல் பிரமிளாவின் காதில் விழுந்து உள்ளே இறங்கியது. பெரியம்மாவுக்கு அப்படித்தான், ஒவ்வொரு புள்ளியாக. பெரியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வெயிலைத் தடவிப் பார்ப்பாள். இதைப் புடிங்க என்று சம்யு ஒயரின் ஒரு முனையைக் கொடுத்தாள். பிடித்தாள். பழையதை மேஜையின் இடது ஓரத்துக்கு நகர்த்தி, கழற்றாமல் அங்கேயே விட்டாள் சம்யு, இருக்கட்டும், ரெண்டாவதா வெச்சுக்கலாம் என்று. மேஜைக்கடியில் புகுந்துகொண்டு அது இது என்று கேட்டாள், பிரமிளா அது இது என்று எடுத்துக் கொடுத்தாள், ஒயரின் முனையைக் கண்ணுக்கு எதிரே பிடித்தபோது சிஸ்டர் அலோய்ஷியா ஞாபகத்துக்கு வந்தாள். தையல் வகுப்பில் வெள்ளை அங்கியோடு முதுகுக்குப் பின்னால் நின்று, ஊசியில் நூல் கோக்கிறவரைக்கும் மூச்சு விடாதே என்பாள். மொத்த வகுப்பிலும் முதலில் கோப்பது பிரமிளாதான், நூலை எச்சில் பண்ணாமல், ஒரே குத்தில். உனக்குக் கழுகுக் கண் பெண்ணே, ஆனால் கழுகுக்கு இவ்வளவு பேச்சு இல்லை என்பாள் சிஸ்டர். கழுகுக் கண். அந்தக் கண்ணுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது.

ஸ்விட்ச் போட்டாயிற்று. என்னென்னவோ எழுத்துகள் ஓடின, ஏதோ இறங்கிக்கொண்டிருக்கிறது, ரெண்டு நிமிஷம் என்றாள் சம்யு, போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள், ட்யூப்லைட்டை அணைத்தாள். இருட்டுல பாருங்க, அப்பத்தான் தெரியும். அப்பத்தான் தெரியும், ஆமாம். நாற்காலியை இழுத்துப் போட்டாள், பிறந்தநாள் கேக் மூஞ்சி, நீங்கதான் முதல்ல. நீ ஒக்காரு, நான் காப்பி போட்டுட்டு வர்றேன் என்று சொல்லிப் பார்த்தாள் பிரமிளா. காப்பி அப்பறம் என்று தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டாள் மகள், என்ன பலம் இந்தக் கைக்கு, கவளம் கவளமாகச் சோறு போட்டு வளர்த்ததற்கு. பிரமிளா விட்ட இடத்திலேயே ஆட்டம் திறந்தது. சுரங்க வாசல். மூச்சுச் சத்தம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடின இமைக்குள் சிவப்பாக என்னவோ மிதந்தது. திறந்தால் அது இருக்கும், வலப்பக்கம், கொஞ்சம் கீழே, இருந்தால் இருக்கட்டும், இருந்தால் திங்கட்கிழமை தண்டபாணியிடம் சொல்லலாம், சொன்னால் அவர் அழுவார், கல்யாணமானதிலிருந்து அவளுக்குப் பதிலாக அவர்தான் அழுதுகொண்டிருக்கிறார், இருந்தால் பெரியம்மா மாதிரி காதைப் பார்க்கப் பழகிக்கொள்ளலாம், சம்யுவின் காது நல்ல காது, இருந்தால், சரி, இருந்தால். மூச்சை நிறுத்தினாள். திறந்தாள்.

இருட்டு. இப்படி ஒரு இருட்டை அவள் அந்தச் சுரங்கத்தில் பார்த்ததே இல்லை. கிணற்றை எட்டிப் பார்த்த மாதிரி, திரை இருக்கிற இடமே தெரியவில்லை, ஜன்னலுக்கு வெளியே இன்னொரு ஊர் இருட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி. நடுவில் வெள்ளைப் புள்ளி, வைரமூக்குத்தி. அதன் வலப்பக்கம் பார்த்தாள். கீழே பார்த்தாள். ஒன்றுமில்லை. நம்பவில்லை. ரொம்ப இருட்டில் தெரியாமல் இருக்கும். விளக்கை ஏற்றிக்கொண்டு பாறைச்சுவர் பக்கம் போனாள், பாறையில் செம்புக்கோடு ஓடுவது தெரிந்தது, பாசி தெரிந்தது, பாசியில் ஒரு பூச்சி. இடப்பக்கம் திரும்பினாள். கூரை. வாசல். எங்கே திரும்பினாலும் கூட யாரும் வரவில்லை. வலக் கண்ணை மூடினாள். திறந்து இடக் கண்ணை மூடினாள். பூச்சிக்கு ஆறு கால் இருந்தது, ஆறையும் எண்ணினாள், எந்தக் கண்ணால் எண்ணினாலும் ஆறுதான். ஏதோ மூச்சு வெளியே வந்தது, எவ்வளவு நாளாக உள்ளே இருந்ததோ, அது தன் மூச்சா சுரங்கத்து மிருகத்தின் மூச்சா என்று ஒரு கணம் புரியவில்லை. நாற்காலியில் சரிந்தாள். எப்படி இருக்குதுங்கம்மா என்று சம்யு கேட்டது தூரத்தில் கேட்டது. அப்போது சம்யு என்னவோ ஒரு பட்டனைத் தட்டினாள், இடது ஓரத்தில் பழைய மானிட்டரிலும் அதே சுரங்கம் வந்தது, ரெண்டையும் சேத்துப் பாருங்க என்றாள். பிரமிளா திரும்பிப் பார்த்தாள். வெளுத்த சாம்பல் இருட்டில், நடுப்புள்ளிக்கு வலப்பக்கம், கொஞ்சம் கீழே, அது உட்கார்ந்திருந்தது.

அவள் பழைய திரையின் மூலையைப் பார்த்தாள். திட்டு நகரவில்லை. மேலே பார்த்தாள். நகரவில்லை. புள்ளியிலிருந்து கண்ணை எடுத்தால் அது தன் இடத்திலேயே கிடக்கிறது, கழுதை. இத்தனை நாளும் இவள் கண்ணை எடுக்கவே இல்லை. ஆட்டத்தில் திரும்புவது உலகம்தான், கண் திரும்புவதில்லை, கண் நடுவிலேயே குத்தி நிற்கிறது, அப்புறம் திட்டு கூடவே வராமல் எங்கே போகும். ஒரே ஒரு தடவை கடைக்கண்ணால் மூலையைப் பார்த்திருந்தால் போதும். கழுகுக் கண்.

"இது எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே மெதுவாகக் கேட்டது.

சம்யு பழைய திரையின் பக்கம் குனிந்தாள். பார்த்துட்டீங்களா என்றாள். அப்புறம் ஸ்க்ரீன் துடைக்கிற துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஆயுத பூஜைக்கு நீங்க சந்தனம் வெச்சீங்கல்லங்கம்மா. ஓரத்துல எடமில்லைன்னு ஸ்க்ரீன்லயே வெச்சு, குங்குமம் ஒட்டலைன்னு கட்டைவிரல்ல அழுத்தி. அன்னைக்கே ஸ்க்ரீன் உள்ள நசுங்கி இந்தத் திட்டு விழுந்துருச்சு."

ஞாபகம் இருந்தது. மிக்ஸி, கிரைண்டர், தையல் மெஷின், தண்டபாணியின் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு இதற்கு வைக்காமல் விடுவதா, இதுவும் ஒரு ஆயுதம்தானே, தன் ஆயுதம், என்று கொஞ்சம் ஆசையாகவே வைத்தாள். நடுவில் வைத்தால் விளையாடும்போது மறைக்கும் என்று கொஞ்சம் தள்ளி வைத்தாள். நல்ல பதமாக அரைத்த சந்தனம். அழுத்தித்தான் வைத்தாள்.

"ஏன் புள்ள சொல்லலை?"

"சொன்னா விடுவீங்களா? சாமி காரியத்துல குத்தம் கண்டுபிடிக்கிறியான்னு பொங்கல் வரைக்கும் ஓட்டுவீங்க. புதுசே வாங்கிக்கலாம்னு விட்டுட்டேன்."

ஓட்டியிருப்பாள். பொங்கல் என்ன, சித்திரை வரைக்கும் ஓட்டியிருப்பாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள், வாய் என்றைக்கும் போல் தயாராகத்தான் இருந்தது, ஆனால் வந்தது வேறு.

"நான் என் கண்ணுன்னு நெனச்சேன்."

சம்யுவின் கையில் துணி நின்றது. திரை வெளிச்சத்தில் அவள் முகம் முழுசாக இருந்தது, புருவ வெட்டு, உதடு, எல்லாம் அதனதன் இடத்தில். பெரியம்மா ஞாபகம் அவளுக்கும் வந்திருக்கவேண்டும். நாற்காலிக் கைப்பிடியில் வந்து உட்கார்ந்தாள், நாற்காலி முனகியது, ஒடைஞ்சா நீதான் வாங்கித் தரணும் என்றாள் பிரமிளா. மகளின் எடை தோளில் சாய்ந்தபோது நகரச் சொல்லவில்லை. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லீங்க என்று சம்யு முணுமுணுத்தாள். சொல்லியிருக்கலாம். நீயும் சொல்லியிருக்கலாம். ரெண்டு பேரும் ஒரே திட்டை நாள் தவறாமல் பார்த்துக்கொண்டு, ஒருத்திக்கு ஒருத்தி பயந்துகொண்டு, ஒரே மேஜை, ஒரே நாற்காலி. சிரிப்பு வந்தது. வயிற்றில் ஆரம்பித்துக் குலுங்கிக் குலுங்கி வந்தது, உள்ளறையில் பேப்பர் சரசரத்து, என்ன சத்தம் என்று தண்டபாணி கேட்டார், நீங்க தூங்குங்க, ஒண்ணுமில்லை என்றாள். ஒண்ணுமில்லை என்று சொல்ல எவ்வளவு நன்றாக இருந்தது. இன்னொரு தடவை சொன்னாள்.

"திங்கக்கெழமைக்குக் கண் ஆஸ்பத்திரியில அப்பாயின்ட்மென்ட் போடு" என்றாள் சிரித்து முடித்துவிட்டு.

"அதான் ஒண்ணுமில்லைன்னு ஆயிருச்சுங்களே?"

"அதனாலதான் போறேன். பயந்துட்டு இருக்கறப்ப எவளாவது போவாளா?"

சம்யு ஃபோனை எடுத்தாள். காலையிலயா சாயங்காலமா என்று கேட்டாள். எப்ப வேணா போடு, சொட்டு மருந்து விட்டா என்ன, தட்டுல மோவாய் வெச்சா என்ன என்று சொல்லிக்கொண்டே பிரமிளா திரையின் பக்கம் திரும்பினாள். எந்திரிங்க, நானும் பாக்கறேன் என்று மகள் சொன்னது காதில் விழுந்தது. இரு என்றாள். சுரங்கத்தின் நடுவில் நின்று விளக்கை அணைத்தாள். திரை பூராவும் கறுத்தது. அந்தக் கறுப்புக்குள்ளே, எதையும் தேடாமல், நடந்து போனாள்.